சாட்சி சொல்லப் போனேன்

கோர்ட்டுக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லும் பாக்கியம் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. என் நாவல்களில் இரண்டு மூன்று கொலை வழக்குகளுக்குச் சாட்சிகளை ஏற்றி இறக்கியிருக்கிறேன், அதோடு சரி. ஆனால் போன வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நாள், அறுபத்தேழு வயதுக்கு மேல், நானே சாட்சியாகப் போய் உட்காரும்படி நேர்ந்துவிட்டது. இடம் கோர்ட்டு அல்ல; ஒரு மனநல டாக்டரின் அறை. அழைத்துப் போனவள் என் பெண். வழக்கும் அவளுடையதுதான்.

மனநல டாக்டர் என்றதும் வாசகர்கள் பதற வேண்டாம். என் பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயது. ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொறுப்பான உத்தியோகம். நன்றாகப் பேசுவாள், நன்றாகச் சமைப்பாள், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். கரண்ட் பில்லுக்குப் பணம் கையில் இருக்கும்; கட்ட மறந்து ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகுதான் ஞாபகம் வரும். ஆபீஸில் பத்து நாளில் முடிக்க வேண்டிய வேலையை ஒன்பது நாள் தொடாமல் இருந்து, பத்தாம் நாள் ராத்திரி முழுவதும் கண் விழித்து, பிரமாதமாகச் செய்து முடிப்பாள். மறுநாள் காய்ச்சலில் படுத்துக் கொள்வாள்.

இதெல்லாம் அவளுடைய சுபாவம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். விஷயம் ஆரம்பித்தது என் பேரனிடமிருந்து. மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். பெஞ்சியில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காருவதில்லை, சொன்னது காதில் ஏறுவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பினார்கள். டாக்டரிடம் அழைத்துப் போனாள். அந்த அம்மாள் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, பையனைப் பற்றி நிரப்பித் தரச் சொன்னார். என் பெண் பாதி நிரப்பியதும் பேனாவை வைத்துவிட்டு, "டாக்டர், இதில் முக்கால்வாசி எனக்கே பொருந்துகிறதே!" என்றாளாம்.

டாக்டர் அம்மாள் ஆச்சரியப்படவில்லை. "இந்த நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைக்காகப் பதில் எழுதும்போதுதான் பல அம்மா அப்பாக்கள் தங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். உயரம், நிறம் போல இதுவும் குடும்பத்தில் இறங்கி வருகிற சமாசாரம்" என்றாராம்.

அந்தச் சமாசாரத்தின் பெயர் ஏ.டி.எச்.டி. தமிழில் 'கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு' என்று மூச்சு வாங்கும்படி பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதை என் பெண் வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "மறதி யாருக்குத்தான் இல்லை? சோம்பல் யாருக்குத்தான் இல்லை? இதற்கெல்லாம் வியாதி என்று பெயர் வைத்தால் ஊரில் யாருமே பாக்கி இருக்க மாட்டார்களே!" என்று ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "நீங்கள் வர முடியுமா, முடியாதா அப்பா? பன்னிரண்டு வயசுக்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்று பார்த்தவர்கள் யாராவது வந்து சொல்லணுமாம். அம்மா இல்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள்" என்றாள்.

என் மனைவி காலமாகி மூன்று வருஷமாகிறது. அவளுடைய டிரங்குப் பெட்டியை அன்று ராத்திரி திறந்தேன். கல்யாணப் புடவைக்கு அடியில் பெண்ணின் பள்ளிக்கூட ரிப்போர்ட் அட்டைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வரிசையாக, நூல் கட்டி வைக்கப்பட்டிருந்தன. பத்து அட்டைகளையும் படித்துப் பார்த்தேன். பத்து வாத்தியார்கள், பத்துக் கையெழுத்து, விஷயம் ஒன்றே. "கெட்டிக்காரி. கவனம் போதாது." "புத்தி உண்டு. முயற்சி இல்லை." "வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்." ஒவ்வொன்றின் கீழும் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் என்னுடைய கையெழுத்து, நாவலில் ஆட்டோகிராப் போடுவதுபோல அட்டகாசமாக விழுந்திருந்தது.

டாக்டர் அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கலாம். அட்டைகளைக் கண்டதும் புதையல் கிடைத்தவர்போல் மகிழ்ந்தார். எல்லாவற்றையும் நிதானமாகப் படித்துவிட்டு என்னைக் கேள்வி கேட்கலானார். பென்சில் தொலைப்பாளா? சாப்பாட்டை பாதியில் விட்டு எழுந்து போவாளா? கூப்பிட்டால் திரும்புவாளா? நானும் வேடிக்கையான சம்பவங்களாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னேன். ஒரு காலில் செருப்பு, மறு காலில் ஷூவுடன் பள்ளிக்கூடம் போன கதையைச் சொன்னபோது மூவருமே சிரித்தோம்.

"பரீட்சைகளில் எப்படி?" என்றார்.

அப்போதுதான் 1998-ஆம் வருஷத்துக் கணக்குப் பரீட்சை ஞாபகம் வந்தது. ஏழாம் வகுப்பு. எல்லாக் கணக்கும் அவளுக்குத் தெரியும். முதல் நாள் ராத்திரி நானே போட வைத்துப் பார்த்தேன். ஆனால் கேள்வித்தாளின் பின்பக்கத்தை அவள் திருப்பவே இல்லை. நாற்பது மார்க்குக் கணக்குகள் அந்தப் பக்கத்தில் இருந்தன. விடைத்தாள் வந்த அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தெரியாமல் போயிருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்ததை எழுதாமல் வருவது திமிர் அல்லவா? நான் குழந்தையை அடிக்கிற தகப்பன் அல்ல என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. ஆகவே அடிக்கவில்லை. பேசாமல் இருந்தேன்.

"கோபத்தில் பத்து நாள் இவளோடு பேசவில்லை, டாக்டர்" என்றேன்.

"பதினோரு நாள்" என்றாள் என் பெண், தலை நிமிராமல்.

குடையை எங்கே வைத்தோம் என்று ஐந்து நிமிஷத்துக்கு முந்தைய விஷயத்தை மறக்கிறவள் அவள். நான் பேசாமல் மேஜையின் மேலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் ஒன்றும் சொல்லாமல் ஏதோ எழுதினார்.

சற்று நேரம் கழித்து, வீட்டில் செய்த பிரசங்கத்தையே அவரிடம் மரியாதையாகத் திருப்பிச் சொன்னேன். எல்லோருக்கும் உள்ளதுதானே இது? "வாஸ்தவம் சார்" என்றார் அவர். "மழை எல்லார் வீட்டு மேலும்தான் பெய்கிறது. ஒழுகுகிற வீட்டுக்காரருக்குத்தான் ராத்திரி எழுந்து பாத்திரம் வைக்க வேண்டியிருக்கிறது. எத்தனை இடத்தில் ஒழுகுகிறது, எத்தனை வருஷமாக ஒழுகுகிறது, அதனால் என்ன சேதம் என்றுதான் நாங்கள் பார்க்கிறோம்."

பார்க்கும் முறையையும் விளக்கினார். இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. தலையைப் படம் பிடித்தும் சொல்ல முடியாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தாரின் கையேட்டில் கவனம் சம்பந்தமாக ஒன்பது, அமைதியின்மையும் அவசரமும் சம்பந்தமாக ஒன்பது என்று பதினெட்டு அடையாளங்கள் கொடுத்திருக்கிறது. குழந்தைக்கு ஏதாவது ஒரு வரிசையில் ஆறு வேண்டும். பதினேழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்து போதும் என்று 2013-ஆம் வருஷத்துப் பதிப்பில் வைத்தார்கள். வளர்ந்தவர்கள் குதித்து ஓடமாட்டார்கள். ஓட்டமெல்லாம் உள்ளே போய்விடும். அடையாளங்கள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, வேலை என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். வாழ்க்கைக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டும். தைராய்டு கோளாறு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, கவலை இவற்றாலும் இதே தொல்லைகள் வருமாகையால் அவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும். என் பெண்ணுக்கு இதற்கு மூன்று தடவை போய்வர வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து நானும் கொஞ்சம் படித்தேன். இது நேற்று முளைத்த நாகரிகம் என்று நினைத்திருந்தவனுக்கு நல்ல பாடம் கிடைத்தது. அலெக்ஸாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் 1798-லேயே, ஒன்றில் மனம் நிற்காமல் அலைகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். 1944-ல் பாஸல் நகரத்து ஸீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பானிஸன் என்ற ரசாயன நிபுணர் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தைத் தயாரித்தார். ரீட்டா என்று செல்லமாக அழைக்கப்பட்ட தம் மனைவியின் பெயரால் அதற்கு ரிட்டலின் என்று பெயரிட்டார். என் மனைவி பெயரை நான் ஒரு கதாநாயகிக்குக்கூட வைத்ததில்லை!

குழந்தைகளுக்கு உள்ள கோளாறு, வளர்ந்தால் போய்விடும் என்றே நெடுங்காலம் நம்பிவந்தார்கள். பலருக்குப் போவதில்லை. அதிலும் பெண் குழந்தைகளைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். மேஜைமேல் ஏறுகிற பையன் எல்லோர் கண்ணிலும் படுவான்; ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை அல்லவா?

இதை என் சிநேகிதர் ஒருவரிடம் சொன்னேன். ரிட்டையரான உத்தியோகஸ்தர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. பதினெட்டுக் கேள்வி, முதல் ஆறே சுமாராக விஷயத்தைக் காட்டிவிடும். அதைத் தாமே நிரப்பிக்கொண்டு, "எனக்கும் அதுதான் ஐயா!" என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் போனதில், குறட்டையால் ராத்திரியில் மூச்சுத் தடைப்பட்டு அவருக்குச் சரியான தூக்கமே இல்லை என்று தெரிந்தது. அதைச் சரி செய்ததும் கவனம் திரும்பிவிட்டது. கேள்வித்தாள் கதவைத் தட்டத்தான் உதவும். திறந்து பார்க்க டாக்டர் வேண்டும்.

அப்படியானால் நான்? இந்தக் கேள்வி வாசகர்களுக்கு முன்பே தோன்றியிருக்கும். என் மனைவி இருந்தவரை நான் மிகவும் ஒழுங்கான மனிதன் என்று பெயர். கண்ணாடி கேட்ட இடத்தில் இருக்கும், பத்திரிகைக்குத் தொடர்கதை அத்தியாயம் உரிய நாளில் போய்ச் சேரும், எல்.ஐ.சி. பிரீமியம் தவறாது. அவள் போன மூன்று வருஷத்தில் இரண்டு தடவை வீட்டுச் சாவி தொலைந்தது. ஒரு பாலிஸி காலாவதியாயிற்று. ஐந்து நாவல்கள் மூன்றாவது அத்தியாயத்தோடு நிற்கின்றன. துக்கத்தால் இப்படி ஆகிவிட்டது என்றுதான் எண்ணியிருந்தேன். முப்பத்தைந்து வருஷமாக எனக்குப் பதிலாகக் கவனித்தவள் ஒருத்தி இருந்தாள் என்பது அந்த அறையில்தான் உறைத்தது. டாக்டரிடம் கேட்டேன். "இடைஞ்சலாக இருந்தால் வாருங்கள், பார்க்கலாம்" என்றார். இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்பதை இரண்டு தடவை மறந்துவிட்டேன்.

என் பெண்ணுக்கு முடிவு சொன்ன அன்று அவள் ஆட்டோவில் அழுதாள். "நான் சோம்பேறின்னு இத்தனை வருஷமா நினைச்சுண்டிருந்தேன் அப்பா" என்றாள். அப்படி அவள் நினைப்பதற்குப் பத்து அட்டைகளில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்ன பதில் சொல்ல முடியும்? "அந்தப் பதினோரு நாளுக்கு என்னை மன்னித்துவிடு அம்மா" என்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது மருந்து சாப்பிடுகிறாள். போதைப் பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிற மருந்தாகையால் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. ரத்த அழுத்தமும் நாடியும் அவ்வப்போது பார்க்க வேண்டும். மருந்து எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. வாசலில் சாவிக்கு ஓர் ஆணி அடித்தாயிற்று. ஆபீஸ் வேலையைப் பத்துத் துண்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் குறிக்கிறாள். பால் இன்னமும் சில நாள் பொங்குகிறது.

சென்ற மாதம் பேரனின் ரிப்போர்ட் அட்டை வந்தது. "புத்திசாலி. கவனம் தேவை" என்று எழுதியிருந்தது. என் பெண் அதை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையெழுத்துக்கு மேலே 'பெற்றோர் குறிப்பு' என்று இரண்டு கோடு போட்ட இடம் ஒன்று இருந்தது. அவளுடைய பழைய அட்டைகளிலும் அது உண்டு. பத்திலும் காலியாகத்தான் இருந்தது.

யோசித்து யோசித்து அவள் எழுதினாள்: "பரீட்சைத் தாளை வாங்குமுன், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும்படி அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுகிறேன்."