காவிரிக் கரையின் கொடிக்கால்கள்

தஞ்சையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில் ஐயம்பேட்டையைக் கடந்ததும், விரிந்து கிடக்கும் நெல்வயல்களுக்கிடையே கரும்பச்சைத் தீவுகளைப் போன்று சில தோட்டங்கள் தோன்றும். தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு அவை அகத்தித் தோப்புகள். உள்ளே நுழைந்தவர்க்கு வெற்றிலைக் கொடிக்கால்கள். ராஜகிரி, பண்டாரவாடை, சுவாமிமலை என, காவிரியும் குடமுருட்டியும் அரசலாறும் கொணர்ந்து சேர்த்த படுகை மண்ணில் விளையும் இவ்விலைக்கே கும்பகோணம் வெற்றிலை என்று பெயர். 2025-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாக்கும் புகையிலையும் சேர்த்து ஓயாது மெல்லும் பழக்கத்தை நாம் போற்றவில்லை. ஆயினும் தாம்பூலத் தட்டின்றி நம் வீடுகளில் ஒரு நிச்சயதார்த்தம் நடப்பதுண்டோ?

தை மாதத்து முற்பகல் ஒன்றில், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த வேளையில், அத்தகைய கொடிக்கால் ஒன்றினுள் சென்றோம். வெளியே வெயில், உள்ளே அகத்தி நிழலின் குளிர்ச்சி. முப்பது சென்ட் குத்தகை நிலத்தை வைத்துக் குடும்பம் நடத்தும் பெரியவர் ஒருவர், “வாங்கய்யா, செருப்பை வெளியே விட்டு வாங்க” என்று வரவேற்றார். வாழைநாரினால் அகத்தியோடு கட்டப்பட்ட கொடிகளுக்கிடையே அவருடைய மருமகள் இலை கிள்ளிக்கொண்டிருந்தார். நூறு இலை கொண்டது ஒரு கவுளி. கவுளிகளை அடுக்கி, வாடாதிருக்க நீர் தெளித்து, வாழைச் சருகில் பொதிந்து சந்தைக்கு அனுப்புவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம்.

அந்த நீர் தெளிப்பதில்தான் சிக்கல் இருக்கிறது என்று அறிந்தபோது வியப்புற்றோம்.

கடல் கடந்த சட்டம்

வெற்றிலை சமைக்கப்படுவதில்லை, பச்சையாகவே வாய்க்குள் செல்கிறது. வாய்க்கால் நீரிலோ, மட்காத சாணத்திலோ, கழுவாத கையிலோ இருக்கும் சால்மொனெல்லா என்னும் கிருமி இலையில் ஒட்டிக்கொண்டால், உண்பவர்க்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும். 25 கிராம் மாதிரியில் அக்கிருமி காணப்படவே கூடாது என்பது ஐரோப்பியச் சோதனையின் அளவுகோல். இக்கிருமியின் காரணமாகவே 2014-இல் வங்காளதேச வெற்றிலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அத்தடை பல ஆண்டுகள் நீடித்தது. இந்திய வெற்றிலையும் கூடுதல் சோதனைக்குரிய பட்டியலில் இடம்பெற்றது. அதே 2014 மே மாதத்தில், பழ ஈக்களும் பிற பூச்சிகளும் காணப்பட்டமையால், நம் நாட்டு மாம்பழம், பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய், சேப்பங்கிழங்குச் செடியின் இலை ஆகியவற்றையும் அவர்கள் தடுத்து நிறுத்தினர். மாம்பழத் தடை மறு ஆண்டே நீங்கியது.

பூச்சிமருந்து எச்சத்திலும் இதே கண்டிப்புத்தான். தனி வரம்பு வகுக்கப்படாத மருந்தாயின், ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு!

“வெள்ளைக்காரனுக்கு நம் வெற்றிலை மேல் என்ன கோபம் ஐயா?” என்று பெரியவர் கேட்டார். அங்கே அதனை வாங்குவோர் பெரும்பாலும் நம்மவரும் குஜராத்தியரும் வங்காளியருமே என்று கூறினோம். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார்.

ஒருவரால் இயலாதது

சோதனைக் கூடத்திற்கு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நெல்லாய்வுக்கெனத் தோன்றி வளர்ந்த தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் தஞ்சையிலேயே உணவுப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறது. ஆனால் முப்பது சென்ட் குடியானவர் சோதனைக் கட்டணத்தையும் சான்றிதழ்ச் செலவையும் தனியே தாங்குவதெப்படி?

இதற்கு வழி இல்லாமலில்லை. ஐரோப்பிய வணிகர்கள் 1997-இல் தொடங்கி, 2007 முதல் ‘குளோபல்கேப்’ என வழங்கும் நல்வேளாண் சான்றினைக் குழுவாகவும் பெறலாம். குழு தன் உறுப்பினர் அனைவரின் தோட்டங்களையும் தானே ஆய்வு செய்து பதிவேடு வைக்க வேண்டும். வெளியாய்வாளர் உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவில் தோட்டங்களைப் பார்வையிடுவார். நூறு பேர் கொண்ட குழுவில் பத்துத் தோட்டங்கள். செலவு பகிரப்படும், பொறுப்பும் அவ்வாறே. ஒருவர் செய்த தவறு குழு முழுவதன் சான்றையும் ஆட்டம் காணச் செய்யலாம். மகாராஷ்டிரத்துத் திராட்சை விவசாயிகள் 1991-இல் ‘மகாகிரேப்ஸ்’ என்று இணைந்தனர். 2006 முதல் தோட்டந்தோறும் பதிவு செய்யும் முறையும் வந்தது. அப்படியிருந்தும் 2010-இல் வளர்ச்சி ஊக்கி ஒன்றின் எச்சம் காணப்பட்டுப் பெரும் இழப்பிற்கு உள்ளாயினர். மீண்டும் எழுந்ததும் கூட்டாகவே.

பெரியவரின் வீட்டுத் திண்ணையில் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கண்டோம். எந்த நாள் எந்த மருந்து, எந்த நாள் கிள்ளியது என்று மருமகள் எழுதி வருகிறார். இலை தெளிக்க வாய்க்கால் நீரை விடுத்து, அடிகுழாய் நீரை மூடிய குடத்தில் வைத்திருக்கிறார். “இத்தனையும் செய்தோம், வியாபாரி அதே விலைதான் கொடுக்கிறார்” என்றார் பெரியவர். அவருடைய குறை நியாயமானதே. தூய்மைக்கு உரிய விலை தோட்டம் வரை வந்து சேராவிடில், எத்தனை நாள் அந்நோட்டுப் புத்தகம் எழுதப்படும்?

மருமகளோ தலை நிமிராமலே, “ஏற்றுமதி ஆகுதோ இல்லையோ மாமா, இதே இலையைத்தானே நம் வீட்டுப் பிள்ளைகள் கல்யாணத்திலும் வைக்கிறோம்?” என்றார்.

லண்டனுக்குச் செல்லும் இலை தூயதாக இருக்க வேண்டுமெனில், நம்மூர்ச் சந்தைக்கு வரும் இலை மட்டும் எப்படியிருந்தால் என்ன என்று நாம் இருந்துவிடலாமா? அடுத்த முறை கவுளி வாங்குகையில், எந்த நீர் தெளித்தது என்று கேட்போம். நல்ல நீர் தெளித்தவர்க்கு ஒரு ரூபாய் கூடக் கொடுப்போம். புறப்படும்போது பெரியவர் எம் கையில் ஒரு கவுளி வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.