மணி அடித்தால் மணி

ஜூன் 9, ஞாயிறு

கொழுந்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். அழைப்பு மணி அடித்ததுதான் தாமதம், மணி கதவை முட்டிக்கொண்டு போய்விட்டான். ஓரகத்தியின் வெள்ளைச் சுடிதாரில், தோளுக்குக் கீழே, செம்மண்ணில் இரண்டு பாதம். “பரவால்லக்கா” என்றாள். கிளம்பும்வரை என் பக்கம் சரியாகத் திரும்பவில்லை.

நாய்க்கு மணி என்று பெயர் வைத்தது அத்தை. ஊரில் பாதி நாய்களுக்கு அதுதானே பெயர். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. “மணி என்னாச்சு?” என்றால் தலையைத் தூக்குகிறான். “மணி அடிக்குது, யாருன்னு பாரு” என்றால் தன்னைத்தான் ஏவுகிறார்கள் என்று ஓடுகிறான். ஒன்றரை வயது, பதினெட்டுக் கிலோ, நாட்டு நாய். ஒட்டிய வயிற்றைக் காட்டிச் சிப்பிப்பாறைக் கலப்பு என்கிறான் மகன். ஓட்டத்தைப் பார்த்தால் இருக்கலாம்.

ஜூன் 10, திங்கள்

லீவு போட்டிருந்தேன். மணி எத்தனை முறை அடிக்கிறது, இவன் என்ன செய்கிறான், அதற்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தேன். பதினொரு முறை.

அவன் பதினொரு முறையும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டான். நாங்கள்தான் ஆளுக்கொரு மாதிரி. இவர் “ஏய்!” என்று கத்தினார், அப்பாவும் கூடச் சேர்ந்து குரைக்கிறார் என்று அவனுக்கு ஏக உற்சாகம். நான் மார்பில் கை வைத்துத் தள்ளினேன். அது மல்லுக்கட்டு விளையாட்டு. அத்தை முறுக்கைப் போட்டு வாயை அடைத்தார், அது சம்பளம்.

மத்தியானம் கூரியர் பையன் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் வருகிறான், மணி குரைக்கிறான், பார்சலைக் கொடுத்துவிட்டு அவன் போகிறான். எப்படியும் போகப்போகிறவன். ஆனால் மணியின் கணக்கில்: குரைத்தேன், ஓடிவிட்டான். ஒவ்வொரு நாளும் ஜெயித்துக்கொண்டிருப்பவன் எதற்காகப் பழக்கத்தை விடுவான்?

ஜூன் 12, புதன்

எதிர்வீட்டு அண்ணாச்சி யோசனை சொன்னார். “நாயைக் கவுத்துப் போட்டு கழுத்தை அமுக்கணும். யாரு எஜமான்னு அப்பதான் தெரியும்.”

இந்த எஜமான் கதைக்கு மூலம் ஓநாய். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கெல், அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து, அவை தலைமைக்கு அடித்துக்கொள்கின்றன என்று எழுதினார். அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், பிறகு காட்டு ஓநாய்களின் பின்னால் வருடக்கணக்காக அலைந்துவிட்டு, 1999-இல் அதைத் திருத்தினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். அண்ணாச்சியிடம் இதைச் சொல்லவில்லை. சாயங்காலம் அவர் வீட்டுக் கறிவேப்பிலை வேண்டியிருந்தது.

ஜூன் 13, வியாழன்

ஆரம்பித்தாயிற்று. அழைப்பு மணிச் சத்தத்தை மகன் போனில் பதிந்து கொடுத்தான். ஜன்னல் ஓரம் பழைய அரிசிச் சாக்கு. உப்பில்லாமல் வேகவைத்த கோழி, சுண்டல் கடலை அளவுக்குப் பிய்த்தது. வெங்காயம் கிட்டவே வரக்கூடாது. நாயின் ரத்த அணுக்களை அது உடைக்கும்.

சத்தத்தைக் காதுக்குக் கேட்டும் கேட்காத அளவில் வைத்து ஒரு முறை. உடனே சாக்கின்மேல் ஒரு துண்டு கோழி. சத்தம் முதலில், கோழி பிறகு. மாற்றிச் செய்தால் மணிச்சத்தத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகும். இதைக் கண்டு சொன்னவர் பாவ்லவ். அவரை நினைத்தால் எல்லோருக்கும் கோயில் மணிபோல ஒன்று ஞாபகம் வரும். ஆய்வுக்கூடத்தில் அவர் அதிகம் பயன்படுத்தியது டிக் டிக்கென்று தாளம் போடும் மெட்ரோனோமை. 1904-இல் நோபல் வாங்கியதும் இதற்காக இல்லை, செரிமான ஆராய்ச்சிக்காக.

ஐந்து நிமிடத்தில் இருபது தடவை. குரைக்கவில்லை. தைரியம் வந்து சத்தத்தை ஒரேயடியாகக் கூட்டினேன். குரைத்தான். தப்பு என்னுடையது. மறுபடி அடியிலிருந்து.

ஜூன் 16, ஞாயிறு

தாவினால் எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பது என்று வியாழனன்றே தீர்மானம். பேச்சில்லை, பார்வையில்லை, கை படுவதில்லை. நாலு காலும் தரையில் இருந்தால்தான் தடவல்.

இது நாலாம் நாள். குறைய வேண்டிய தாவல் இருமடங்காகிவிட்டது. முழங்கைக்குக் கீழே நீளக் கீறல். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அவனுக்குத் தடுப்பூசி போட்ட அட்டையை எடுத்துத் தேதி பார்த்துக்கொண்டேன். இதுவரை பலித்த வித்தை திடீரென்று பலிக்காமல் போனால், விடுவதற்கு முன் மூர்க்கமாக முயன்று பார்ப்பது எல்லா உயிருக்கும் வழக்கம்தானாம். லிஃப்ட் வராவிட்டால் நாமும் பொத்தானைப் பத்துத் தடவை அமுக்குகிறோமே. இந்தச் சமயத்தில் மனமிரங்கி ஒரு தடவை தடவிக் கொடுத்தால் முடிந்தது: இன்னும் பலமாகத் தாவினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான்.

ஜூன் 19, புதன்

எனக்குக் காய்ச்சல். பயிற்சி இல்லை. வெளியே நல்ல சாரல்.

ஜூன் 22, சனி

திருட்டு பிடிபட்டது. மூன்று நாளாக அத்தை முறுக்கு கொடுத்திருக்கிறார், தாவும்போதே.

“பாவம்லா, அவன் என்ன கேக்கான்? ஒரு துண்டு. எப்பவாவது ஒருக்காதானம்மா போடுதேன்.”

அந்த எப்பவாவதுதான் விஷம். தினமும் கிடைத்தது நின்றால் சீக்கிரம் விட்டுவிடுவான். எப்போதாவது கிடைப்பதை விடவே மாட்டான். ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டிய விஷயம். அத்தைக்குப் புறா எதற்கு? 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும்வரை வாரம் ஒரு சீட்டு வாங்கியவர்.

“ஒரு தடவை ஐம்பது ரூபாய் விழுந்துச்சே, அத்தை, அதுக்கப்புறம் எத்தனை வருஷம் வாங்குனீங்க?”

முறைத்தார். பிறகு, “அப்ப எங்க வச்சுப் போடணும்?” என்று கேட்டார். சாக்கைக் காட்டினேன்.

ஜூலை 7, ஞாயிறு

காலையில் கேஸ் சிலிண்டர். நிஜ மணி, நிஜ ஆள், தடதடவென்று இரும்பு உருளும் சத்தம். ஒரே ஒரு குரைப்பு. அதைக் கணக்கில் எடுக்கவில்லை. சாக்குக்குப் போய் உட்கார்ந்தான், வால் மட்டும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. சிலிண்டர்காரர் உள்ளே வந்து, மாட்டி, கையெழுத்து வாங்கிப் போகும்வரை நாலு துண்டு கோழி. ஓரகத்தியைக் கூப்பிட்டுக் காட்ட இன்னும் தைரியம் வரவில்லை. குழந்தைகள் ஓடி வந்தால் என்ன செய்வானோ.

ராத்திரி டிவியில் “நேரம் எட்டு மணி” என்றார்கள். தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து, சோம்பல் முறித்து, நேரே சாக்கில் போய் உட்கார்ந்து எங்களைப் பார்த்தான். மூன்று வாரப் பயிற்சியில் இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அத்தை முறுக்கை ஒடித்தார்.

“சாக்குலதானே இருக்கான்” என்றார் என்னிடம்.