மூணா, ஆறா?

மருத்துவச் செய்தி எழுதுகிறவர் செத்தால் பத்திரிகையில் ஒற்றைப் பத்தி. வேலூரில் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மூத்த நிருபருக்கும் அதுதான் கிடைத்தது. அதிலும் ‘அரசியல் செய்திகளைத் திறம்பட வழங்கியவர்’ என்று போட்டிருந்தார்கள். வாழ்நாளெல்லாம் அவர் எழுதியது தண்ணீரையும் நோயையும் பற்றி. படித்தபோது வயிறு எரிந்தது.

மாதனூர்ப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரின் ஆய்வறிக்கையோடு போய் நின்றால் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: “எந்தக் குரோமியம் தம்பி? மூணா, ஆறா?”

டேனரியில் தோலுக்குப் போடுவது மூன்று, அதாவது மூன்று இணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மேட்டில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்டது. புற்றுநோய் வரவழைக்கும் என்று உறுதியானது ஆறுதான். ஆனால் நம் கைக்கு வரும் அறிக்கையில் ‘மொத்த குரோமியம்’ என்று ஒரே எண் இருக்கும். லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. அதற்குமேல் அந்தத் தாள் எதுவும் சொல்லாது. எல்லாவற்றையும் ஆறு என்று எழுதினால் மறுநாளே வக்கீல் நோட்டீஸ் வரும், ஊர்க்காரர் சொன்ன உண்மையும் அதோடு அடிபட்டுப் போகும். மூன்றுதானே என்று முதலாளி சொல்வதை அப்படியே எழுதவும் முடியாது. மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் மூன்று ஆறாக மாறக்கூடும். இத்தனைக்கும் நடுவில், பாலாற்றங்கரை நிலங்களைக் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்கு. தோல் அழுகாமலிருக்கத் தடவி வரும் சாதாரண உப்பு! தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவான டி.டி.எஸ். பார்க்காமல் குரோமியம் பற்றி மட்டும் எழுதிய செய்தியை அவர் கையால் தொடமாட்டார்.

இந்தக் கண்டிப்பு அவருக்கு 1986-ல் வந்தது. சென்னையில் மருத்துவ மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் ரயிலில் வேலூருக்கு வந்தன. சி.எம்.சி. ஆய்வகத்தில் ஆறு மாதிரிகள் எலிசா சோதனையில் மஞ்சளாயின. இந்தியாவில் எச்.ஐ.வி. தெரியவந்தது அப்படித்தான். வெஸ்டர்ன் பிளாட் என்ற மறுசோதனையில் உறுதியாகும்வரை எலிசாவின் மஞ்சள் சந்தேகம் மட்டுமே. முதல் சோதனையை வைத்து ஒருவரை நோயாளி என்று எழுதினால் அவர் குடும்பம் ஊரைவிட்டே போகவேண்டி வரும் என்பார்.

தமிழில் அறிவியல் எழுத்து என்றால் சுஜாதாவின் ‘ஏன் எதற்கு எப்படி’ எல்லாருக்கும் தெரியும், நல்லது. 1891-ல் பிறந்து, வக்கீல் தொழிலுக்கு இடையே பல பத்தாண்டுகள் தமிழில் அறிவியல் எழுதிய பெ.நா. அப்புசாமியை இன்று எத்தனை நிருபர்களுக்குத் தெரியும்? முன்னால் எழுதியவர்களைப் படிக்காமலே எழுத வந்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் அறிக்கையின் போட்டோ வருகிறது, அரை மணியில் ‘விஷத் தண்ணீர்’ என்று தலைப்பு ஓடுகிறது. மாதிரி எடுத்தவர் யார், எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம் என்று கேட்பதில்லை. கேட்டால் ‘அதெல்லாம் யாரு சார் படிக்கிறாங்க’ என்கிறார்கள். கோர்ட்டில் படிக்கிறார்கள் ஐயா! டேனரிகள் பாலாற்றைக் கெடுத்தது பற்றிய வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஈட்டுக்குக் கிணறும் வயலும் கணக்கில் வரவேண்டாமா?

2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொன்னது. நஷ்ட ஈடு, கண்காணிப்புக் குழு எல்லாம் வந்தன. இந்தப் பக்கத்து எந்தக் கிணற்றில் இப்போது என்ன இருக்கிறது, மாதிரி எடுத்தது மழைக்கு முன்பா பின்பா என்ற ஒரு வரி, நான் படித்த எந்தச் செய்தியிலும் இல்லை.