வாலடி பார்க்கும் கைகள்

பூம்புகாரில் கடற்கரையை விட்டு மேலையூர்ப் பக்கம் திரும்பினால் வயலும் வைக்கோல் போரும் மாட்டுக் கொட்டகையும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகைத் தரை ஈரம் காய்வதே இல்லை. இளங்கன்றுகளுக்குக் கழிச்சல் காணும் காலம் அது.

நான் போன வீட்டில் அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர், கறக்க உட்காருமுன் கன்றின் வாலைத் தூக்கிப் பார்க்கிறார். வாலடி நனைந்து ஒட்டியிருந்தால் பீச்சல். அடுத்தது தாயின் மடி. "கன்னு குடிச்சிருந்தா காம்பு தளர்ந்திருக்கும் தம்பி. ஊட்டவிட்டும் கல்லாட்டம் கெடந்தா கன்னுக்கு முடியலன்னு அர்த்தம்." கடைசியாகக் கன்றின் வாயில் விரலை வைக்கிறார், உறிஞ்சும் வேகம் குறைந்தால் கவலைதான்.

கால்நடை மருத்துவரும் இதையே பார்க்கிறார். கூடவே தெர்மாமீட்டர்: 101.5 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. கழுத்துத் தோலைக் கிள்ளி விடுகிறார். அது படிய இரண்டு நொடிக்கு மேல் ஆனால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. கண் குழிவிழுந்து, காதும் வாயும் சில்லிட்டால் நிலைமை முற்றிவிட்டது.

கழியும் கன்றைப் பெரும்பாலும் கொல்வது நீரிழப்புதான். கொதித்து ஆறிய நீரில் உப்பு, சர்க்கரை, சமையல் சோடா கரைத்துப் பால்வேளைகளுக்கு இடையே கொடுக்கலாம். பாலை நிறுத்தக் கூடாது. ஆனால் உறிஞ்சத் தெம்பில்லாத கன்றுக்கு மூங்கில் குழாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். அதற்கு ரத்தக்குழாய் வழியாகத்தான் நீர் ஏற்ற வேண்டும். 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

பேச்சு சீம்பாலுக்குத் திரும்பியதும் திண்ணையில் வாக்குவாதம். நஞ்சுக்கொடி விழுந்த பிறகே கன்றை ஊட்டவிட வேண்டும் என்பது பழைய பழக்கம். மருத்துவர் ஒப்புக்கொள்வதில்லை. பசுவின் நோய் எதிர்ப்புப் பொருள் கருவிலேயே கன்றுக்குப் போய்ச் சேராது. சீம்பால் வழியாகத்தான் சேரும். கன்றின் குடல் அதை முழுதாக உள்வாங்குவது முதல் சில மணி நேரம். ஒரு நாள் கழிந்தால் வாசல் அடைபட்டுவிடும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது வேண்டும். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவது அதற்குப் பிறகு.

புல்லே கடிக்காத கன்றுக்குக் குடற்புழு எப்படி? தாய்ப்பாலில் வருகிறது. சாணி களிமண் நிறத்தில் இருக்கும், நாறும், வயிறு உப்பும். அதனால்தான் பத்தாம் நாளையொட்டியே பூச்சி மருந்து.

பக்கத்துக் கொட்டகையில் உம்பளச்சேரிக் கன்று ஒன்று செம்பழுப்பு நிறத்தில் நிற்கிறது. ஆறேழு மாதத்தில் சாம்பலாகிவிடும். அது நோயில்லை, இனத்தின் இயல்பு. சேற்றுழவுக்குப் பேர்போன மாடு. இப்போது அந்த வேலையை டிராக்டர் செய்கிறது.

அந்த மாற்றம் கன்றின் மருத்துவத்தையும் தொட்டிருக்கிறது. கிடாரிக் கன்று கழிந்தால் உடனே போன் போகிறது. காளைக் கன்று என்றால், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்கிறார்கள். அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டுக்கும் வாலடி பாக்குறேன். ஊசிக்குக் காசு கேட்டா வீட்ல கிடாரிக்குத்தான் தர்றாங்க."