பேயும் நகையும்

1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கியொன்று பற்றியெரிந்தது. யப்பான் என்னும் பெயரே அச்சந் தந்த அக்கரையில், இன்று யப்பானியரின் பிணப்பேய் நகைச்சுவைப் படமொன்று சிரிப்பை விளைக்குமாயின், அச்சிரிப்பின் இயல்பு ஆராயத்தக்கது.

தெற்சுரோ தகேயுச்சி இயக்கிய ‘வைல்ட் சீரோ’ அத்தகைய படம். ‘கிற்றார் வூல்ஃப்’ என்னும் றொக் அன் றோல் இசைக்குழுவினர் அதிலே தாமாகவே தோன்றுகின்றனர். உயிர்த்தெழுந்த பிணங்கள் ஊரை வளைக்கின்றன. ஆயினும் நாயகனுக்கு உண்மைச் சோதனை பிணங்களால் வருவதன்று. தான் விரும்பியவள் உடலாற் பெண்ணல்லள் என்றறிந்து அவன் அஞ்சி ஓடுகிறான். காதலுக்கு நாடும் பாலும் தடையாகா என இசைத்தலைவன் அவனுக்கு உணர்த்துகிறான்.

பேயைக் கண்டு நகைத்தல் தமிழுக்குப் புதிதன்று. சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியிற் பசித்த பேய்கள் போர்க்களத்திலே கூழ் அட்டு உண்கின்றன; படிப்போர் நகைக்கின்றனர். ஆனால், பரணியின் நகை வென்ற வேந்தனை வாழ்த்துவது. தோற்றோர் அங்கே கூழாகிவிடுகின்றனர். யப்பானியப் படத்தின் நகைக்கு வாழ்த்த வேந்தனில்லை. அஞ்சி ஓடியவனை அன்பின்பால் மீட்பதே அதன் வெற்றி. உலகப் போரையும், 2009வரை நீண்ட உள்நாட்டுப் போரையும் கண்ட துறைமுகத்திற்கு இவ்விரண்டில் எந்நகை உறவாகும் என்பது சொல்லாமலே விளங்கும்.