வகன் ஆரா, லீஃபா?

எங்கட வீட்டில ஒரு கார் வாங்குறதெண்டு முடிவெடுத்து மூண்டு மாசமாச்சு. எந்தக் கார் எண்டதுதான் இழுபட்டது. அப்பாவின் கட்சி சுசுக்கி வகன் ஆர். 660 சிசி பெற்றோல் எஞ்சின், நெல்லியடியில எந்தக் கராஜிலயும் திருத்தலாம், விக்கப்போனால் அடுத்தநாளே ஆள் வரும். என்ர கட்சி நிசான் லீஃப், 24 கிலோவாற் மணி பற்றறியோட வந்த பழைய மொடல். இரண்டும் பாவிச்ச கார்தான். 2020 மார்ச்சில் நிறுத்தின இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். வரியைப் பார்த்தால் புதுக்கார் எங்கட சாதிக்கு இல்லை.

கார் அம்மாவுக்காக. கிளினிக்குக்கு யாழ்ப்பாணம் போய்வர 55 கிலோமீற்றர் வரும். 2022 இல் அந்த 55 கிலோமீற்றர் எங்களுக்குக் கண்டம் தாண்டுற மாதிரி இருந்தது. வழமையா வாற ஓட்டோ அண்ணை, "தங்கச்சி, டாங்கில கிடக்கிறது என்ர வீட்டு அவசரத்துக்கு மட்டும்" எண்டு கையை விரிச்சிட்டார். அவரைக் குறை சொல்லேலாது. கியூஆர் வந்தபோதும் முதலில ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான். 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபா வரைக்கும் போனது. காசிருந்த ஆக்களும் ஷெட் வரிசையிலதான் படுத்தெழும்பினவை. அம்மா இரண்டு கிளினிக்கைத் தவறவிட்டா.

ஆகவே லீஃப் எண்டேன். அப்பா பேப்பரை மடிச்சு வைச்சார். "அதே வருசம் மார்ச்சில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறன்ட் வெட்டினது பிள்ளைக்கு மறந்துபோச்சோ?"

மறக்கேல்ல. ஆனால் அப்பாவின்ர பயம் 2022 இல் தொடங்கினதில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் இல்லை, கறன்டும் இல்லை. ஜாம் போத்தலுக்குள்ள சிக்கன விளக்கு, சைக்கிள் டைனமோவில றேடியோ. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில ஓடவிட்டிருக்கினம். புகையும் நாத்தமும் தாங்கேலாதாம், ஆனால் ஓடினது. "எண்ணெயெண்டால் போத்தலில வாங்கி ஒளிச்சு வைக்கலாம். கறன்டை எதுக்குள்ள ஒளிப்பாய்?" எண்டார். இந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு கிழமை பதில் வரேல்ல.

பிறகு கணக்குப் போட்டுப் பாத்தன். 13 மணித்தியாலம் கறன்ட் இல்லாத நாளிலும் 11 மணித்தியாலம் இருந்தது. சாதாரண வீட்டு பிளக்கில அம்மாவின்ர பயணத்துக்கு வேண்டிய 9, 10 யூனிற்றை ஏத்த நாலைஞ்சு மணித்தியாலம் போதும். கறன்ட் தட்டுப்பாட்டை நாங்கள் மணிக்கணக்கில பட்டோம். பெற்றோல் தட்டுப்பாட்டை நாள்க்கணக்கிலும் கிழமைக்கணக்கிலும் பட்டோம். அதோட, கார் சார்ஜ் ஏறேக்க நான் நித்திரை கொள்ளலாம். வரிசைக்கு ஒரு மனுசர் வேணும்.

இதை 'எண்ணெயிலிருந்து விடுதலை' எண்டு முகநூலில எழுதுறவையோட எனக்கு உடன்பாடில்லை. நுரைச்சோலையில எரியிற நிலக்கரியும் டொலருக்குத்தான் வருது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை தெரிஞ்ச ஊரில, கறன்ட் எண்டால் சுத்தம் எண்டு கண்ணை மூடிச் சொல்லேலாது. கூரையில சோலார் பூட்டினாலும், மின்சார சபை லைனோட சேர்ந்து ஓடுற சாதாரண இன்வேட்டர் லைன் நிண்டால் தானும் நிண்டுவிடும். வெயில் கொளுத்தும், வீட்டில பான் சுத்தாது. 2025 சித்திரை வருசத்துக்கு, பகலில மின்சாரம் கூடிப்போச்சு, சோலாரை நிப்பாட்டுங்கோ எண்டு சபையே கேட்டதையும் பாத்தம். அந்த நேரம் தெருவில கொஞ்சம் லீஃப் நிண்டிருந்தால் குடிச்சிருக்கும்.

உண்மையான சிக்கல் பற்றறி. லீஃபில பற்றறியைக் குளிராக்கத் தண்ணீர்க் குழாய் ஒண்டும் இல்லை, காத்துத்தான். யாழ்ப்பாண வெயில் அதுக்குச் சத்துரு. டாஷ்போட்டில 12 கோடு இருக்கும்; முதல் கோடு விழேக்க கொள்ளளவில 15 வீதம் போயிட்டுது எண்டு அர்த்தம். பற்றறி கொம்பியூட்டரை றீசெற் பண்ணி 12 கோடும் காட்டி விக்கிற ஆக்களும் இருக்கினம். அதால கோட்டை நம்பாமல், சின்ன ஓபிடி கருவி ஒண்டு இரவல் வாங்கி, போனில லீஃப் ஸ்பை போட்டுக்கொண்டுதான் கார் பாக்கப் போனன். நாலு காரில ஒண்டு தேறினது. 9 கோடு, கிட்டத்தட்ட 72 வீதம். ஏசி போட்டு ஓடினாலும் 80 கிலோமீற்றர் கிடைக்கும். 55 போக மிச்சம் 25. கொழும்புக்கு இதில போறதெண்டது பகிடி. கொழும்புக்கு ரெயின் இருக்கு. இன்னும் நாலைஞ்சு வருசத்தில இந்தக் காரை வாங்க ஒருத்தரும் வரமாட்டினம் எண்டதும் தெரியும். வகன் ஆரெண்டால் அப்பவும் காசுதான்.

கடைசியா அம்மாதான் கதைச்சா. "எனக்கு அஞ்சு வருசத்துக்குக் கார் ஓடினால் காணும்." அப்பா அதுக்குப் பிறகு வாதாடேல்ல.

ஆனால் இரண்டு நிபந்தனை போட்டார். கார் முற்றத்து வெயிலில நிக்கக்கூடாது, மாமரத்துக்குக் கீழ கொட்டில் போடவேணும். தன்ர பழைய மோட்டசைக்கிளை விக்கக்கூடாது, டாங்க் எப்பவும் நிரம்பியிருக்கவேணும். கொட்டிலுக்கு நேற்றுத் தகரம் வந்திறங்கிட்டுது. பிளக்குக்குத் தனி வயர் இழுக்க எலக்றீசியன் திங்கக்கிழமை வாறனெண்டவர்.