ஐந்து எங்கே?

அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1956-ல் வெளியிட்ட ரிமோட்டில் மொத்தமே நான்கு பொத்தான்கள். டிவியை இயக்கி நிறுத்த ஒன்று, சேனல் மாற்ற இரண்டு, சத்தத்தை அடக்க ஒன்று. கடைசியது முக்கியமாக விளம்பரங்களின் வாயை அடைக்கத்தான். இன்றோ பொத்தான்களே விளம்பரம். நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் வீடியோ என்று பெயர் பொறித்த இடங்கள் காசுக்கு விற்கப்படுபவை. வீட்டில் சந்தா கட்டியிருக்கிறார்களா என்பது பொத்தானுக்குத் தெரியாது. 2025 பிப்ரவரியில் ஹாட்ஸ்டார், ஜியோஹாட்ஸ்டார் ஆனது. பழைய ரிமோட்டுகளில் பழைய பெயரே.

இந்த வியாபாரத்தில் காணாமல் போனவை எண்கள். தில்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில், மகன் வீட்டில் இருக்கும் எழுபது வயது மாமி, புது டிவி வந்த அன்றே பேரனைக் கேட்டார்: "அஞ்சு எங்கேடா?"

விஷயம் இருக்கிறது. பழைய ரிமோட்டில் 5-ன் மேல் சின்னப் புள்ளி புடைத்திருக்கும். கட்டைவிரல் அதைத் தொட்டுவிட்டால் மற்ற எண்கள் இருட்டிலும் அகப்படும். கண்புரை வந்தவருக்கு அது பெரிய உபகாரம். புதியதில் எல்லாம் வழவழப்பு. சத்தத்தைக் குறைக்கப் போய் யாரோ வாங்கிய இடத்தில் விரல் பட்டால் சீரியல் மறைந்துவிடுகிறது.

"மைக்கில் சொல்லுங்க பாட்டி" என்கிறான் பேரன். பெட்டியோடு பேச மாமிக்குக் கூச்சம். இப்போது வால்யூம் பொத்தானில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறார். ஹோம் பொத்தானில் இரண்டு.